கணவரின் பி.எஃப். பென்ஷனில் மனைவிக்கு என்ன உரிமை? ஓசூர், கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

“நாமினியில் என் பெயர் இல்லை, மாமியார் பெயர்தான் இருக்கிறது. எனக்குப் பென்ஷன் வருமா?” ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் டைம் ஆபீசில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். வரும் என்பதே விடை. பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்திருக்கும் ரொக்கம் நாமினியைப் பார்க்கும். மாதாமாதம் வரும் ஓய்வூதியமோ மனைவியைத்தான் பார்க்கும். ஆனால் அந்த ஓய்வூதியம் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது, கணவர் இறந்த அன்று வேலையில் இருந்தாரா, வேலையை விட்டிருந்தாரா, ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தாரா என்பதைப் பொறுத்தது. இந்த ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995. அந்த ஆண்டு நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் இத்திட்டம், 1971ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தின் இடத்தில் வந்தது. அரசு ஊழியர், ஆசிரியர் குடும்பங்களுக்கான குடும்ப ஓய்வூதியம் வேறு சட்டத்தின் கீழ் வருவது. அதன் கணக்கும் வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தின் மூலம் கிடைக்கும் மாதம் 1,200 ரூபாய் ஆதரவற்ற விதவை ஓய்வூதியமும் வேறு. ‘விதவை பென்ஷன்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு, பி.எஃப். விண்ணப்பத்தைத் தாலுகா ஆபீசில் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணவர் உயிரோடு இருக்கும் வரை, அவருடைய ஓய்வூதியத்தில் மனைவிக்கென்று தனிப் பங்கு எதுவும் இத்திட்டத்தில் கிடையாது. மனைவியின் உரிமை கணவர் இறந்த மறுநாள்தான் தொடங்குகிறது. மனைவி வேலை செய்து அவர் இறந்தால் கணவருக்கும் இதே உரிமை, இதே அளவில் உண்டு. எழுத வசதியாக இங்கே மனைவி என்றே எழுதிச் செல்கிறேன்.

முதல் படி: அவர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தாரா என்று பாருங்கள்

பி.எஃப். பிடித்தம் இருந்தாலே ஓய்வூதியமும் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எப்போதும் சரியல்ல. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள் இந்த ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் ஆவதில்லை. அவர்களுக்கு நிறுவனம் கட்டும் 12 விழுக்காடு முழுவதும் வைப்பு நிதிக்கே போய்விடுகிறது. ஆலைகளில் பொறியாளராகவும், எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலையிலும் சேர்ந்த இளைஞர்களில் பலர் இந்த வகையினர். அவர்கள் குடும்பத்துக்குக் கணக்கில் இருக்கும் தொகையும், பி.எஃப். உறுப்பினர் இறந்தால் தரும் காப்பீடும் கிடைக்குமே தவிர, மாத ஓய்வூதியம் வராது.

இதைச் சம்பளச் சீட்டில் தேடாதீர்கள். அதில் தொழிலாளியிடம் பிடித்தது மட்டும்தான் இருக்கும். ஓய்வூதியத்துக்குத் தொழிலாளியின் பையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. நிறுவனம் கட்டும் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு அதற்குப் பிரிகிறது, மத்திய அரசு 1.16 விழுக்காடு சேர்க்கிறது. எனவே பார்க்க வேண்டியது உமங் செயலியிலோ பி.எஃப். இணையதளத்திலோ கிடைக்கும் பாஸ்புக்கைத்தான். அதில் மாதத்துக்கு ஒரு வரி இருக்கும். தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு என்ற இரண்டு பத்திகளை அடுத்து, ஓய்வூதியப் பங்களிப்பு என்று மூன்றாவது பத்தி ஒன்று உண்டு. அதில் 1,250 என்றோ, சம்பளம் குறைவானால் அதற்கேற்ற தொகையோ இருந்தால் அவர் உறுப்பினர். மாதாமாதம் பூஜ்யமாக இருந்தால் அவர் உறுப்பினர் இல்லை, அல்லது 58 வயதைத் தாண்டிவிட்டார் என்று பொருள். 58 வயதுக்கு மேல் வேலை பார்த்தாலும் பொதுவாக இந்தப் பங்களிப்பு நின்றுவிடும்.

பாஸ்புக்கைத் திறக்க அவருடைய கைபேசிக்கு வரும் ஓடிபி வேண்டும். ஆள் போன பிறகு அந்த சிம் கார்டு எங்கே என்று தேடுவதைவிட, இருவரும் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பாஸ்புக்கை இறக்கி அச்செடுத்து, யுஏஎன் என்ற, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணை ரேஷன் கார்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

பெரிய ஆலைகள் சில, வைப்பு நிதியைத் தங்கள் சொந்த அறக்கட்டளை மூலம் நிர்வகிப்பதுண்டு. அங்கேயும் ஓய்வூதியப் பங்கு பி.எஃப். அலுவலகத்துக்குத்தான் போகிறது. ரொக்கத்தை ஆலையிலும் ஓய்வூதியத்தைப் பி.எஃப். அலுவலகத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: இறந்த அன்று அவர் எந்த நிலையில் இருந்தார்?

வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் விதி மிகவும் தாராளமானது. ஒரே ஒரு மாதப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தால் போதும், மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பத்து ஆண்டுக் கணக்கு இங்கே வராது. ‘பத்து வருஷம் சர்வீஸ் இல்லை, அதனால் ஒன்றும் வராது’ என்று ஆலை வாசலில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பத்து ஆண்டு, உறுப்பினர் உயிரோடு இருந்து தனக்காக ஓய்வூதியம் கேட்கும்போது பார்ப்பது. சாவு வேலை நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இறந்தாலும், வேலைத் தொடர்பு அறுபடாமல் இருந்தால் அவர் பணியில் இருந்தவரே.

வேலையை விட்டுவிட்டு, 58 வயதுக்கு முன், ஓய்வூதியம் வாங்கத் தொடங்காமல் இறந்திருந்தால் அங்கேதான் பத்து ஆண்டு விதி குறுக்கே வருகிறது. விட்ட நாளன்று அவருக்குப் பத்து ஆண்டுப் பணி இருந்திருக்க வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பகுதி ஓர் ஆண்டாகவே கணக்கில் கொள்ளப்படுவதால், ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்து ஆண்டாகிவிடும்.

இந்த நிலையில்தான் நம் பகுதிக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரே ஆலையின் ஒரே இயந்திரத்தில் பன்னிரண்டு ஆண்டு நின்றவருக்கு, ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் ஒரு புதிய உறுப்பினர் எண் விழுந்திருக்கும். நான்கு எண்களில் மும்மூன்று ஆண்டு. ஒவ்வொரு முறையும் பழைய கணக்கை மாற்றிச் சேர்த்திருந்தால் பன்னிரண்டு ஆண்டும் ஒன்றாகிவிடும். அப்படிச் செய்யாமல், ‘பி.எஃப். எடுத்துக்கலாம்’ என்று 10-சி படிவம் போட்டு ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துச் செலவழித்திருந்தால், அந்தக் காலம் கணக்கிலிருந்து அழிந்தே போகிறது. சில ஆயிரங்களுக்காக ஒரு வீட்டின் பின்னாள் ஓய்வூதியத்தை விற்பது இது என்று நான் சொல்லிப் பார்ப்பேன். மகளின் காதுகுத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடுவதில்லை. 10-சி படிவத்திலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டால் பழைய பணிக்காலம் அப்படியே காக்கப்படும். அடுத்த வேலையில் சேரும்போது அதைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் கொஞ்ச நாள், இந்தப்பக்கம் கொஞ்ச நாள் என்று வேலை பார்த்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மாநிலம் மாறினாலும் திட்டம் ஒன்றுதான், யுஏஎன் ஒன்றுதான். கர்நாடகக் கணக்கில் இருக்கும் ஐந்து ஆண்டும் தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கும் ஆறு ஆண்டும் சேர்ந்து பதினொன்று ஆகும், சேர்த்திருந்தால்.

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்போது இறந்திருந்தால் தகுதியில் சிக்கலே இல்லை. மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் ஓய்வூதிய ஆணையில் ஏற்கெனவே இருக்கும். தொகைதான் பாதியாகும்.

மூன்றாம் படி: சட்டத்தின் கண்ணில் மனைவி யார்?

ஓய்வூதியத் திட்டத்தில் குடும்பம் என்றால் மனைவி அல்லது கணவர், மகன்கள், மகள்கள், முறைப்படி தத்தெடுத்த பிள்ளைகள். தாய் தந்தையர் இந்தப் பட்டியலில் இல்லை. மனைவியும் தகுதியுள்ள பிள்ளைகளும் இல்லாத ஒருவர் யாரையாவது நாமினியாக நியமித்திருந்தால் அவருக்கும், நியமனமும் இல்லையென்றால் அவரை நம்பியிருந்த தந்தைக்கும், அவருக்குப் பின் தாய்க்கும் ஓய்வூதியம் போகும். மனைவி இருக்கும்போது நாமினிப் படிவத்தில் மாமியார் பெயர் இருப்பது ஓய்வூதியத்தை மாற்றாது.

ஆனால் வைப்பு நிதி ரொக்கமும் காப்பீட்டுத் தொகையும் அப்படியல்ல. கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பையன் அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருப்பான். அதில் தவறு ஏதுமில்லை. திருமணமானதும் புதிதாக எழுத வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பிற்பாடு பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மாமியாரும் மருமகளும் இரு பக்கமாக நிற்கும் நிலை வருகிறது. அந்தக் கிழவிக்கும் மகன் போன துக்கம்தான். சண்டை காகிதம் உண்டாக்கியது. யுஏஎன் இணையதளத்தில் இ-நாமினேஷன் பகுதிக்குள் போய், மனைவி, பிள்ளைகளின் படத்தையும் ஆதாரையும் ஏற்றி, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று குறித்து, ஆதார் ஓடிபி மூலம் கையொப்பமிட அரைமணி நேரம் ஆகும். அம்மாவுக்கும் ஒரு பங்கு தரலாம், தருவதே நியாயம் என்பது என் கருத்து.

கணவன் மனைவி பிரிந்து வாழ்வதால் மட்டும் உரிமை போவதில்லை. நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகாத வரை அவர் மனைவிதான். விவாகரத்து ஆகிவிட்டால் அவருக்கு இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு. இரண்டு மனைவியர் உள்ள இடங்களில், திருமணத் தேதிப்படி யார் மூத்தவரோ அவருக்கே ஓய்வூதியம், அவர் காலத்துக்குப் பின் அடுத்தவருக்கு என்பது திட்டத்தின் விதி. வயதில் மூத்தவர் என்பதல்ல, திருமணத்தில் மூத்தவர். இருவரும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதாகப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் அலுவலகத்தில் அது எடுபடாது. முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது நடந்த இரண்டாவது திருமணமே செல்லுமா என்ற கேள்வி எழுந்தால், இந்தக் கட்டுரை போதாது, வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

மனைவி மறுமணம் செய்துகொண்டால் அந்த நாளோடு அவருடைய ஓய்வூதியம் நின்றுவிடும். ஆனால் பிள்ளைகளின் பங்கு குறையாது. அநாதைப் பிள்ளைக்கான உயர்ந்த விகிதத்துக்கு அது மாறுகிறது. வேலைக்குப் போகிறார் என்பதற்காக மனைவியின் ஓய்வூதியம் நிற்காது. பிற்காலத்தில் அவர் தன் சொந்த உழைப்பால் ஓய்வூதியம் பெற்றாலும் இரண்டையும் வாங்கலாம். தையல் ஆலைகளிலும் மின்னணுப் பொருள் ஆலைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காம் படி: தொகையைக் கணக்கிடுங்கள்

உறுப்பினர் ஓய்வூதியத்தின் சூத்திரம் எளியது. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி 60 மாதங்களின் சராசரி. எவ்வளவு வாங்கினாலும் பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. 2014 ஆகஸ்ட் முடியும் வரை உள்ள காலத்துக்கு அந்த உச்சவரம்பு 6,500 ரூபாய்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2006 செப்டம்பரில் சேர்ந்து, 2025 ஆகஸ்ட் முடிவில் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர், உச்சவரம்பு அளவுச் சம்பளம் வாங்கியவர் என்று கொள்வோம். முதல் எட்டு ஆண்டுக்கு 6,500 பெருக்கல் 8 வகுத்தல் 70, அதாவது 743 ரூபாய். அடுத்த பதினோரு ஆண்டுக்கு 15,000 பெருக்கல் 11 வகுத்தல் 70, அதாவது 2,357 ரூபாய். மொத்தம் 3,100. அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி, 1,550 ரூபாய். இவர் ஓராண்டு முன்னதாகச் சேர்ந்து 20 ஆண்டைத் தொட்டிருந்தால் சலுகையாக இரண்டு ஆண்டுகள் கூடக் கிடைத்திருக்கும். சேர்ந்த தேதியைப் பதிவேட்டில் சரியாக எழுத வேண்டும் என்று டைம் ஆபீசில் நான் அடம்பிடித்ததற்கு இதுதான் காரணம்.

பாதி என்பது இறந்த நாளில் அவர் வாங்கிக்கொண்டிருந்த தொகையில் பாதி. 58 வரை காத்திருக்காமல் 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே ஓய்வூதியம் கேட்டவருக்கு, முந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைகிறது. அந்தக் குறைந்த தொகையின் பாதிதான் பின்னால் மனைவிக்கு வரும். ஆலை மூடியது, கையில் காசில்லை என்று 52 வயதில் படிவம் போடுகிறவர், தனக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார்.

வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. இறந்த அன்றே அவர் ஓய்வு பெற்றதாக வைத்துக் கணக்கிட்டால் வரும் முழு ஓய்வூதியம், சம்பளத்துக்கேற்பத் திட்டத்தின் ‘சி’ அட்டவணையில் குறித்துள்ள தொகை, 1,000 ரூபாய் ஆகிய மூன்றில் எது அதிகமோ அது கிடைக்கும். சில மாதமே வேலை பார்த்து விபத்தில் இறந்த இளைஞனின் மனைவிக்குக் கைகொடுப்பது அந்த அட்டவணைதான், ஏனெனில் அங்கே பணி ஆண்டு பார்ப்பதில்லை. பத்து ஆண்டு முடித்து வேலையை விட்டபின் இறந்தவரின் மனைவிக்கும், அவருக்கு உரிய ஓய்வூதியத்தைப் பாதியாக்காமலே கணக்கிடுவார்கள்.

எந்த நிலையிலும் மனைவியின் ஓய்வூதியம் 1,000 ரூபாய்க்குக் கீழே போகாது. இந்தக் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் வந்தது. அன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்று இல்லை என்பதை ஓசூர் உழவர் சந்தைக்கு ஒருமுறை போய் வந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு, ஒரே நேரத்தில் இருவருக்கு, 25 வயது முடியும் வரை, மனைவியின் ஓய்வூதியத்தில் 25 விழுக்காடு தனித்தனியே உண்டு. ஒருவருக்குக் குறைந்தது 250 ரூபாய். இது மனைவியின் தொகையிலிருந்து கழிப்பதல்ல, அதன் மேல் கூடுதலாக வருவது. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்தவருக்கு 25 முடிந்ததும் மூன்றாமவர் அந்த இடத்துக்கு வருவார். மகளுக்குத் திருமணமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். கணக்கு வயதைத்தான் பார்க்கிறது. தாயும் இல்லாத பிள்ளைக்கு மனைவியின் ஓய்வூதியத்தில் 75 விழுக்காடு, குறைந்தது 750 ரூபாய். முழுமையாகவும் நிலையாகவும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி வாழ்நாள் முழுவதும் கிடைக்கும்.

ஐந்தாம் படி: காகிதங்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள்

தகுதி இருந்தும் மாதக்கணக்கில் அலைய வைப்பது இந்தப் படிதான். நம் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்கு வீடு கலந்திருக்கின்றன. ஆதாரில் லட்சுமம்மா, ரேஷன் கார்டில் லட்சுமி, கணவரின் பி.எஃப். பதிவில் லக்ஷ்மிதேவி. மூவரும் ஒருவரே என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. கணவரின் பெயரும் அப்படித்தான். வேலைக்குச் சேரும்போது வெங்கடேசன், ஆதாரில் வெங்கடேஷப்பா. இதோடு முதலெழுத்துச் சிக்கல் வேறு. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து.

என்னிடம் வரும் குடும்பத்தாரின் மஞ்சப்பையிலிருந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்துத் திண்ணையில் வரிசையாகப் பரப்பி, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்ப்பேன். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இசையத் திருத்துவதே குறைந்த அலைச்சல். பி.எஃப். பதிவில் உள்ள பிழையை, உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி மூலம் திருத்தலாம். உறுப்பினர் இறந்துவிட்டிருந்தால் நாமினியோ வாரிசோ அதைக் கொடுக்கலாம். ஆனால் அவர் இருக்கும்போது சில நாளில் முடியும் காரியம், இல்லாதபோது பல மாதம் இழுக்கும்.

மாவட்டப் பெயரையும் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல். அதற்கு முன் ஓசூரில் பிறந்த பிள்ளையின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். அது பிழையல்ல, திருத்தப் போக வேண்டியதும் இல்லை. யாராவது கேட்டால் இந்தத் தேதியைச் சொன்னால் போதும்.

இறப்புச் சான்றிதழ் இறந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த இடத்தில் அல்ல. நெடுஞ்சாலையில் அடிபட்டவரைப் பெங்களூருவுக்குத்தான் கொண்டுபோகிறோம். அங்கே உயிர் பிரிந்தால் சான்றிதழ் கர்நாடகப் பதிவாளரிடமிருந்து வரும். சூளகிரியில் அடக்கம் செய்தோம் என்பதால் சூளகிரியில் கேட்டால் கிடைக்காது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே, பதிவுக்கு அனுப்பும் படிவத்தில் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று உறவினர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். அழுகைக்கு நடுவே இதைச் சொல்வது கல்நெஞ்சமாகத் தெரியும். சொல்லாமல் விட்டு, ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று முறை பேருந்து ஏறியவர்களை அறிந்ததால் சொல்கிறேன்.

கோயிலில் தாலி கட்டிய திருமணத்துக்குச் சான்று என்ன என்று பலர் தயங்குகிறார்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முந்திய திருமணங்களுக்கு ரேஷன் கார்டு, கணவர் பெயருள்ள ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து நிற்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் வழங்குவார்.

ஆறாம் படி: விண்ணப்பியுங்கள்

ஓய்வூதியத்துக்கு 10-டி படிவம், வைப்பு நிதி ரொக்கத்துக்கு 20ஆம் எண் படிவம், காப்பீட்டுக்கு 5-ஐஎஃப் படிவம். இறப்பு நேர்வுகளுக்கென்று கூட்டுப் படிவமும் உண்டு. பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். காப்பீட்டை மறந்துவிடுபவர்கள் உண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அது குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். இதற்கும் தொழிலாளி தனியாக எதுவும் கட்டுவதில்லை.

இ-நாமினேஷன் செய்திருந்தால் நாமினி தன் ஆதாரோடு இணைந்த கைபேசியைக் கொண்டு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் காகிதப் படிவம்தான். இறப்புச் சான்றிதழ், மனைவி, பிள்ளைகளின் ஆதார், பிள்ளைகளின் வயதுச் சான்று, புகைப்படங்கள், பெயர் அச்சிட்ட காசோலை அல்லது பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவை வேண்டும். படிவத்தில் கடைசியாக வேலை பார்த்த நிறுவனம் சான்றொப்பமிட வேண்டும். ஆலை மூடியிருந்தாலோ ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டே போயிருந்தாலோ, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், வங்கி மேலாளர் போன்றோரிடம் சான்றொப்பம் பெறலாம். இதைச் சொல்லாமல், ‘கம்பெனி முத்திரை இல்லாமல் முடியாது’ என்று திருப்பி அனுப்பும் இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வேலையால் ஏற்பட்ட விபத்தில் இறந்திருந்து, அவர் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டிலும் இருந்திருந்தால், அதைத் தனியாகக் கேளுங்கள். சார்ந்தோர் உதவித்தொகை என்ற பெயரில் சம்பளத்தின் 90 விழுக்காட்டு அளவை முழு விகிதமாக வைத்து, மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கும், மொத்தம் முழு விகிதத்தைத் தாண்டாதபடி பகிர்ந்து தருகிறார்கள். பி.எஃப். ஓய்வூதியத்தைவிட இது பல மடங்கு பெரிய தொகையாக இருக்கும். ஒன்றை வாங்கினால் இன்னொன்று இல்லை என்பது கிடையாது.

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வராதீர்கள். குறையில்லாத விண்ணப்பத்தை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் 14470 என்ற எண்ணில் கேட்கலாம், இணையத்தில் குறைதீர்ப் பகுதியில் பதிவு செய்யலாம். மாதந்தோறும் 27ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் பி.எஃப். அலுவலகம் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாளில். அங்கே மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச முடிகிறது என்பதால், எழுதப் படிக்கத் தயங்குபவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். விண்ணப்பம் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஓய்வூதியம் இறந்த தேதிக்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்படுவதால், ஆணை வரும்போது நிலுவையும் சேர்ந்தே வரும்.

ஏழாம் படி: ஆணை வந்த பிறகு

பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் அதில் உள்ள தொகையை நான்காம் படியில் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இருவர் பெயரும் பிறந்த தேதியோடு இருக்கின்றனவா, ஏதேனும் ஓர் உறுப்பினர் எண்ணின் பணிக்காலம் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி முதல், இந்தியாவில் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இந்த ஓய்வூதியத்தை வாங்கலாம். கணவர் இறந்தபின் ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அரூருக்கோ பாலக்கோட்டுக்கோ தாய்வீடு திரும்பும் பெண், ஆணையை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றக் கோரி அலைய வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். அரசு ஓய்வூதியர்களைப் போல நவம்பரில்தான் என்று இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறையில் கைரேகையோ முகப்பதிவோ போதும். வயலிலும் கிரானைட் பட்டறையிலும் வேலை பார்த்து விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகப்பதிவே சுலபம். தபால்காரர் வீட்டுக்கே வந்து கட்டணமின்றி எடுத்துக்கொடுக்கிறார். மறுமணம் செய்துகொண்டீர்களா என்று அதில் ஒரு கேள்வி வரும். தயக்கத்தில் தவறான கட்டத்தைத் தொட்டுவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், எடுப்பவர் கேள்வியைத் தமிழில் படித்துச் சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள்.